பிரிட்டிஷ்காரர் என்பவர் யார்?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், கல்வி நிதி வழங்கும் அங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி நிதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் துணைக்குழுவில் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். விண்ணப்பம் கொடுக்க வரும் பெற்றோர்கள் கட்டணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் பேசி முடித்து, எழுந்து போகும் நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். "சார், பிள்ளை லண்டனுக்குப் படிக்கப் போறான். அங்கேயே வேலை கிடைச்சா இருந்துடலாமா? நம்ம ஆளுங்களை அங்கே எப்படி நடத்துறாங்க?" முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். இதற்குக் கதவருகில் நின்றபடி இரண்டு வரியில் விடை சொல்ல என்னால் முடியவில்லை. அதைத் தலைவரிடம் சொன்னேன். "அப்படியானால் ஆண்டு விழாவில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆசிரியப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் பேச்சுவழக்கில் எல்லாரையும் "வெள்ளைக்காரன்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த நாடோ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு பகுதிகள் சேர்ந்தது. "ஆங்கிலேயர்" என்பது பெரும்பாலும் இனப்பெயராகவே வழங்கி வந்திருக்கிறது. "பிரிட்டிஷ்" என்பது பேரரசு தந்த பொதுப்பெயர். அங்குக் குடியேறியவர்களின் பிள்ளைகள் "நான் பிரிட்டிஷ்" என்று தயங்காமல் சொல்வார்கள். "நான் ஆங்கிலேயன்" என்று சொல்வதற்குச் சற்று யோசிப்பார்கள்.

இது வெறும் இலக்கணம் என்று எண்ணிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ரிஷி சுனக் பிரிட்டனின் பிரதமரானார். கட்சித் தலைவராக அவர் தேர்வு பெற்ற நாள் தீபாவளித் திருநாள். பகவத் கீதையின் மீது கைவைத்து நாடாளுமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுத்தவர். சவுத்ஹாம்ப்டன் நகரில் பிறந்தவர். 2024 ஜூலைத் தேர்தலில் தோற்றுப் பதவி விலகினார். அதற்குப் பின், 2025 பிப்ரவரியில் அந்நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு விவாதம் கிளம்பியது: சுனக் பிரிட்டிஷ்காரர்தான், ஆனால் அவர் ஆங்கிலேயர் ஆவாரா? நாட்டையே ஆண்ட ஒருவரைப் பற்றிய கேள்வி இது! முன்னாள் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் கென்யாவிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் வந்தவர்கள். அவரே, தாம் பிரிட்டிஷ்காரர் என்றும் ஆங்கிலேயர் அல்லர் என்றும் எழுதினார். சுனக்கோ, தாம் இங்கே பிறந்து வளர்ந்தவன், ஆங்கிலேயன்தான் என்று மறுமொழி சொன்னார். இருவரும் அப்போது ஒரே கட்சி; ஒரே அமைச்சரவையில் இருந்தவர்கள்.

இக்கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1948ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. "ஐக்கிய இராச்சியம் மற்றும் காலனிகளின் குடிமக்கள்" என்னும் ஒரே தகுதியை அது வகுத்தது. யோர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கும், ஜமைக்காவில் கரும்பு வெட்டியவருக்கும், பினாங்கில் பிறந்த துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே தகுதி. எல்லாரும் பிரிட்டனுக்குள் நுழையலாம், குடியிருக்கலாம். சட்டம் எழுதியவர்கள் பேரரசைக் கட்டிக்காக்கும் எண்ணத்தில் எழுதினார்கள். அத்தனை பேர் உண்மையிலேயே கப்பலேறி வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சட்டம் விவாதத்தில் இருக்கும்போதே கப்பல் வந்துவிட்டது. 1948 ஜூன் 22ஆம் நாள் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலில் வந்தவர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்தோர் எண்ணூறு பேர் அளவில் இருந்தனர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர்களும் அவர்களுள் உண்டு. அடுத்த இரண்டு வாரத்தில், ஜூலை 5ஆம் நாள், தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. மருத்துவமனைகளுக்குத் தாதிகள் வேண்டும், பேருந்துகளுக்கு நடத்துநர்கள் வேண்டும், ஆலைகளுக்கு ஆட்கள் வேண்டும். லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956ஆம் ஆண்டிலிருந்து பார்படோஸ் தீவிற்கே நேரில் சென்று ஆள் எடுத்தது.

நம் மலேசியப் பெண்களும் அந்நாட்களில் தாதிப் பயிற்சிக்காகப் போனார்கள். இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் சிலருடைய வீட்டிலும் போயிருப்பார்கள். என் சிற்றன்னையின் மகள், எனக்குப் பத்து வயது மூத்தவர், 1966ஆம் ஆண்டில் அப்படிப் போனார். பயிற்சி முடித்து, லெஸ்டர் நகரில் வேலை பார்த்து, இன்றும் அங்கேதான் இருக்கிறார். தாதியர் விடுதியை விட்டு அறை தேடிய கதையை அக்காள் இப்படிச் சொல்வார்: ஜன்னலில் "அறை வாடகைக்கு" என்று அட்டை தொங்கும். மணி அடித்தால் கதவு திறக்கும். முகத்தைப் பார்த்ததும், "இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்பார்கள். மறுநாளும் அதே அட்டை அங்கே தொங்கும். சில வீடுகளில் கறுப்பர்களுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். வீடு, வேலை ஆகியவற்றில் இன வேற்றுமை காட்டுவது 1968ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே சட்டவிரோதமாயிற்று.

அதே தெருவில் இருந்த ஒரு வயதான அம்மாள்தான் முதல் குளிர்காலத்தில் அக்காளுக்கு நிலக்கரி அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தாராம். கம்பளி கையுறையும் பின்னிக் கொடுத்தாராம். 1968 ஏப்ரல் 20ஆம் நாள் ஈனக் பவல் என்னும் அரசியல்வாதி பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராக ஓர் அனல் பறக்கும் உரை நிகழ்த்தினார். கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் மறுநாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். லண்டன் துறைமுகத் தொழிலாளர்களோ அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். அந்த அம்மாளும் பவல் சொல்வது சரி என்றாராம். அக்காள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லவில்லையம்மா, மற்றவர்களைச் சொல்கிறேன்" என்றாராம். பிரிட்டிஷ் சமுதாயத்தைப் பற்றி நான் படித்த பல தடித்த நூல்களைக் காட்டிலும் இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. தெரிந்த முகத்தின் மேல் அன்பு, தெரியாத கூட்டத்தின் மேல் அச்சம். இரண்டும் ஒரே மனத்தில் குடியிருந்தன. (இதே பவல் 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர். அப்போதும் வெளிநாட்டு மருத்துவர்களும் தாதியரும் இல்லாமல் அங்கே மருத்துவமனைகள் நடக்கவில்லை.)

சட்டத்தின் கதைக்குத் திரும்புகிறேன். 1948இல் அகலத் திறந்த கதவைப் பிரிட்டன் படிப்படியாகச் சாத்தியது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் வேலைச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. 1968இல் நடந்தது இன்னும் கடுமை. கென்யா விடுதலை பெற்றபோது அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் பலர் பிரிட்டிஷ் கடப்பிதழை வைத்துக்கொண்டனர். பின்னர் அங்கே வேலையும் வணிகமும் ஆப்பிரிக்கர்களுக்கே என்ற கொள்கை வந்ததும், அந்தக் கடப்பிதழை நம்பி லண்டனுக்குப் புறப்பட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கடப்பிதழ் இருந்தால் மட்டும் போதாது. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனோடு பிறப்பால் அல்லது குடியுரிமைப் பதிவால் தொடர்புடையவராக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். கென்யாவில் குடியேறிய வெள்ளையருக்கு அத்தகைய பாட்டனார் இருந்தார். குஜராத்தியர்களுக்கும் பஞ்சாபியர்களுக்கும் எங்கே போவது? இது இன அடிப்படையிலான இழிவான நடத்தை என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1973இல் முடிவு கூறியது.

ஆனாலும் அந்நாட்டைப் பற்றி ஒரு பக்கமாக மட்டும் பேசுவது முறையன்று. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன், ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். முன்பு பவலை நீக்கிய அதே ஹீத் அப்போது பிரதமர். எதிர்ப்பு பலமாக இருந்தும், பிரிட்டிஷ் கடப்பிதழ் வைத்திருந்தவர்களுக்கு நாம் பொறுப்பு என்று சொல்லிக் கதவைத் திறந்தார். ஏறக்குறைய 28,000 பேர் வந்தார்கள். பழைய இராணுவ முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அப்போது லெஸ்டர் நகராட்சி உகாண்டாவின் நாளிதழ் ஒன்றில் விளம்பரமே கொடுத்தது: எங்கள் ஊரில் வீடும் இல்லை, பள்ளியில் இடமும் இல்லை, வராதீர்கள் என்று. அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது என்று அக்காளின் அண்டை வீட்டார் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

வந்தவர்கள் மளிகைக் கடை வைத்தார்கள், பின்னலாடை ஆலைகளில் இரவுப் பணி பார்த்தார்கள். லெஸ்டரின் பெல்கிரேவ் சாலையில் நடக்கும் தீபாவளி இன்று இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பெரிய தீபாவளிக் கொண்டாட்டங்களுள் ஒன்று. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் ஆசிய வம்சாவளியினர் 43 விழுக்காடு, வெள்ளையர் 41 விழுக்காடு. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இந்துக்கள் பத்து இலட்சம் பேர்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நான் நல்ல ஆசிரியன் ஆகமாட்டேன். அதே லெஸ்டரில் 2022 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றையடுத்து இந்து, முஸ்லிம் இளைஞர்கள் தெருவில் மோதிக்கொண்டார்கள். அவர்களுள் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கைப்பேசியில் பறந்த பொய்ச் செய்திகள் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தன. கலகம் நடந்த தெருவிலிருந்து இரண்டு மைல் தொலைவில் அக்காள் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். பவல் காலத்தில்கூட இப்படிப் பயந்ததில்லை என்றார்.

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1990ஆம் ஆண்டில் நார்மன் டெபிட் என்னும் அரசியல்வாதி, குடியேறிகளின் நாட்டுப்பற்றை அளக்க ஒரு சோதனை சொன்னார்: கிரிக்கெட் ஆட்டத்தில் இங்கிலாந்துக்குக் கைதட்டுகிறார்களா, தாங்கள் விட்டு வந்த நாட்டிற்குக் கைதட்டுகிறார்களா? நம் நாட்டில் பூப்பந்து ஆட்டம் என்றால் நாம் யாருக்குக் கைதட்டுகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. தொண்டை கட்டும்வரை கத்துவது எல்லாருக்கும் தெரியும். ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்துக்கு எதிராகக் கத்தினால் அங்கே யாரும் அவருடைய நாட்டுப்பற்றைச் சந்தேகிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2005 நவம்பர் முதல் குடியுரிமை கேட்போருக்கு எழுத்துத் தேர்வும் வந்துவிட்டது. 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. வினாத்தாள் தயாரித்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மன்னர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தவன் நல்ல அயலானாக இருப்பான் என்பதற்கு எந்தத் தேர்வும் உறுதி தராது. 2014ஆம் ஆண்டு முதல் அங்குள்ள பள்ளிகள் பிரிட்டிஷ் அடிப்படை விழுமியங்களை வளர்க்க வேண்டும் என்று அரசு வலியுறுத்துகிறது: மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனித உரிமை, பிற சமயத்தாரை மதித்தல். 1970ஆம் ஆண்டில் நாம் ருக்குன் நெகாராவை வகுத்து, அதன் பிறகு பள்ளிச் சபைகளில் மாணவர்களை ஒப்பிக்க வைத்தபோது, பிரிட்டனுக்கு இப்படி எதுவும் தேவைப்படவில்லை. தாங்கள் யார் என்பது தங்களுக்குத் தெரியும் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

இனி, நம் ஆலயப் பெருமக்களுக்கு நெருக்கமான ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நியூகாசில் நகரில் தேவேந்தர் கய் என்னும் இந்துப் பெரியவர் இருந்தார். ஆண்டுக்கணக்கில் சமூகத் தொண்டு செய்தவர். தாம் இறந்தபின் மின்சுடலையில் அல்லாமல், நம் முறைப்படி சிதையில் தம் உடல் எரிய வேண்டும், அதன்மேல் சூரிய ஒளி பட வேண்டும் என்று விரும்பினார். 2006ஆம் ஆண்டில் நகராட்சியிடம் இடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். வழக்குத் தொடுத்தார். பொதுமக்கள் மனம் புண்படும், அருவருப்படைவார்கள் என்று நீதித்துறை அமைச்சர் தரப்பில் வாதிட்டார்கள். 2009 மே மாதம் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

உடல்நலம் குன்றிய நிலையிலும் அவர் மேல்முறையீடு செய்தார். 2010 பிப்ரவரி 10ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நீதிபதிகள் மத உரிமை, மனித உரிமை என்ற பெரிய விவாதத்திற்குள் போகவில்லை. 1902ஆம் ஆண்டுத் தகனச் சட்டத்தில் உள்ள "கட்டடம்" என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் என்றால் நான்கு பக்கமும் அடைத்து மேலே முழுக் கூரை போட்டதாகத்தான் இருக்க வேண்டுமா? சுவரில் திறப்புகள் இருந்தால், கூரையில் வானம் தெரிந்தால் அது கட்டடம் ஆகாதா? ஆகும் என்றார்கள். கய் அவர்களும் வெட்டவெளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. நெருப்பும் சூரிய ஒளியும் கிடைக்குமானால் சுற்றுச்சுவர் இருப்பதில் தடையில்லை என்றார். திட்ட அனுமதியும் சுற்றுச்சூழல் விதிகளும் இன்னும் தாண்ட வேண்டிய படிகள். ஆனாலும் சட்டம் அவர் வேண்டுகோளைத் தடுக்கவில்லை என்று முடிவாயிற்று.

இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. பிரிட்டனில் நம்மவர் பெற்ற இடமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்திருக்கிறது: மேடை முழக்கத்தால் கிடைத்தது குறைவு, சட்டத்தின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்று பெற்றது மிகுதி. வுல்வர்ஹாம்ப்டன் நகரில் சீக்கியப் பேருந்து ஓட்டுநர்கள் தலைப்பாகையோடு வேலை பார்க்க இரண்டாண்டுகள் போராடி 1969இல் வென்றார்கள். தலைப்பாகையைக் கழற்றினால்தான் சேர்ப்பேன் என்று ஒரு தலைமையாசிரியர் சொன்ன சீக்கிய மாணவனுக்காக, 1983இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் "இனக்குழு" என்னும் சொல்லின் பொருளில்தான் நின்றது.

நம் தமிழர்கள் கதையும் உண்டு. 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிப் போனவர்களைப் பிரிட்டன் எளிதில் ஏற்கவில்லை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள், விமானத்தின் அருகில் ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. நீதிமன்றம் தலையிட்டு அனுப்புவதை நிறுத்தியது. அரசோ உரிய ஆவணம் இல்லாத பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்க அதே ஆண்டில் சட்டம் போட்டது. அந்தக் காலத்தில் போனவர்களும் அவர்களுக்கு முன் போனவர்களும் சேர்ந்து எழுப்பிய ஆலயங்கள் லண்டனில் இன்று பல. ஈலிங் பகுதியில் கனகதுர்க்கை அம்மன் ஆலயம் பழைய கிறிஸ்துவ வழிபாட்டுக் கட்டடத்தில் அமைந்தது. ஆடி, ஆவணியில் தேர் இழுக்கும்போது காவல் துறையினர் போக்குவரத்தைத் திருப்பிவிட்டு வழிவிடுகிறார்கள். 2024 தேர்தலில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன், கிழக்கு லண்டன் தொகுதி ஒன்றிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

அந்தத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. சவுத்போர்ட் நகரில் ஜூலை 29ஆம் நாள் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டனர். கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய்ச் செய்தி பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அடைக்கலம் கோரியோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். பள்ளிவாசல் தாக்கப்பட்ட மறுநாள் காலையில் அதே சவுத்போர்ட்டில் ஊர் மக்கள் துடைப்பமும் செங்கல்லுமாக வந்து பள்ளிவாசல் சுவரைச் சீர்செய்து கொடுத்தார்கள்.

நம் அக்காளின் கதையில் இன்னொரு சுவையான பகுதியைச் சொல்லாமல் விட முடியாது. 2004இல் போலந்து முதலிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அங்கிருந்து பல இலட்சம் பேர் பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தார்கள். 2016 ஜூன் 23இல் ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. விலகலாம் என்று 51.9 விழுக்காட்டினர் சொன்னார்கள். தொலைபேசியில் கேட்டேன், "அக்கா, நீங்க எதுக்குப் போட்டீங்க?" "விலகத்தான் போட்டேன் தம்பி. ரொம்ப பேரு வந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரைப் பார்க்க முடியல." "நீங்களும் வந்தவங்கதானே அக்கா?" "நாங்க கூப்பிட்டு வந்தோம்டா. இவங்க தானா வர்றாங்க." அந்த நிலக்கரி அடுப்பு அம்மாளை நினைவுபடுத்தினேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அவ நல்லவடா" என்றார்.

இப்போது பெற்றோர்களின் கேள்விக்கு வருகிறேன். 1957 பிப்ரவரியில் ஜார்ஜ் டவுனில் பிறந்தவன் நான். அக்காளும் அதே ஊரில் பிறந்தவர். பினாங்கும் மலாக்காவும் பிரிட்டிஷ் காலனிகளாக இருந்ததால் விடுதலைக்கு முன் அங்கே பிறந்த எங்கள் இருவருக்கும் சட்டப்படி ஒரே தகுதி. 1981ஆம் ஆண்டுச் சட்டம் 1983 ஜனவரி முதல் நடப்புக்கு வந்து, அந்தப் பழைய தகுதியைப் பிரித்துப் போட்டது. அதற்கு முன்பே அங்கே நிலையாக வாழ்ந்துவிட்ட அக்காள் முழுப் பிரிட்டிஷ் குடிமகள் ஆனார். இங்கேயே இருந்தவர்களுக்குக் கிடைத்தது "கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமகன்" என்னும் தகுதி. பெயரில் பிரிட்டிஷ் உண்டு. பிரிட்டனில் வாழும் உரிமை கிடையாது.

இந்த வேறுபாடு தெரியாமல் நம் பினாங்கு, மலாக்காப் பிள்ளைகள் சிலர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 2002ஆம் ஆண்டில் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாத கடல்கடந்த குடிமக்கள் முழுக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அவ்வாண்டு ஜூலை 4க்குப் பிறகு தாமாக வேறு குடியுரிமையைத் துறந்தவர்களுக்கு இது பொருந்தாது. பின்பகுதியைச் சரியாகப் படிக்காத ஆலோசகர்கள் முன்பகுதியை மட்டும் சொல்லிப் பணம் வாங்கினார்கள். என் பழைய மாணவர் ஒருவர், தந்தை வழியாக அந்தக் கடப்பிதழைப் பெற்றவர், லண்டனில் அப்படி ஓர் ஆலோசகரின் பேச்சைக் கேட்டு மலேசியக் குடியுரிமையைத் துறந்தார். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்டன் அவருடைய மனுவை மறுத்தது. இங்கும் இல்லை, அங்கும் இல்லை. வேலை செய்ய அனுமதியில்லை. வெளியே போனால் திரும்ப முடியாது. தாயாரின் ஈமச்சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழுதார். அவர் தம்பி கொள்ளி வைத்தார்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைப் படிக்க அனுப்புங்கள். வேலை கிடைத்துத் தங்கினாலும் தவறில்லை. நல்ல மனிதர்கள் நிறைந்த நாடுதான். ஆனால் எவர் என்ன சொன்னாலும், கையில் மற்றொரு குடியுரிமைப் பத்திரம் வந்து சேரும்வரை மலேசியக் குடியுரிமையைத் துறக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

காகிதத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்ட்ரஷ் காலத்தில் பெற்றோரோடு வந்த பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவர்கள் சட்டப்படி வந்தவர்கள்; தனியாக எந்தப் பத்திரமும் அவர்களுக்கு அப்போது கொடுக்கப்படவில்லை. 2012க்குப் பிறகு அரசு, உரிமையின்றித் தங்கியிருப்போருக்கு வாழ்க்கையையே கடினமாக்குவது என்ற கொள்கையை மேற்கொண்டது. வீட்டுக்காரர், முதலாளி, வங்கி, மருத்துவமனை எல்லாரும் பத்திரம் கேட்க ஆரம்பித்தார்கள். பாலெட் வில்சன் என்னும் மாது பத்து வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவர். நாடாளுமன்ற உணவகத்திலேயே சமையல் வேலை பார்த்தவர். ஐம்பது ஆண்டு வாழ்ந்த நாட்டில், 2017இல் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்து நாடுகடத்த முற்பட்டார்கள். இப்படிப் பலர். அவர்கள் வந்திறங்கிய காலத்துப் பதிவுச் சீட்டுகளை 2010இல் அரசு அலுவலகமே அழித்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள். பழைய பள்ளிப் பதிவேடு, சம்பளச் சீட்டு, வரி செலுத்திய கணக்கு என்று தேடி அலைந்தார்கள். உண்மை வெளியானதும் உள்துறை அமைச்சர் 2018 ஏப்ரலில் பதவி விலகினார். இழப்பீட்டுத் திட்டமும் வந்தது.

அதைப் படித்தபோது எனக்கு நம் ஆலய அலுவலகத்தின் பின்னறை அலமாரிதான் கண்முன் வந்தது. 1982 மார்ச் மாதத்திற்கு முன் நம் சமூகத்தில் சமயச் சடங்கோடு நடந்த எத்தனையோ திருமணங்கள் அரசாங்கத்தில் பதியப்படாதவை. அத்தம்பதியரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சிலர் இன்றும் அடையாள ஆவணத்திற்காக அலைகிறார்கள். அந்தத் திருமணங்களுக்கு எழுத்திலுள்ள ஒரே சான்று சில வேளைகளில் நம் ஆலயப் பதிவேடுதான். நம்மிடம் அப்படி 17 பதிவேடுகள் இருக்கின்றன. நான்கைக் கரையான் தின்றுவிட்டது. மற்றவற்றைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்க ஓர் அன்பர் இயந்திரம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று கல்வி நிதி பெறும் மாணவர்களுள் இருவர் அந்த வேலையைச் செய்ய முன்வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் காலை 9 மணி முதல் 12 மணி வரை அலுவலகம் இதற்காகத் திறந்திருக்கும். உங்கள் வீட்டில் பழைய பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பள அட்டை, சிவப்பு அடையாளக் கார்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். இரும்பு அலமாரி இரண்டு தேவைப்படுகிறது. உபயம் செய்ய விரும்புவோர் விழா முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கலாம்.